கணக்கில் வராத தெருக்கள்: பட்ஜெட்டும் ஆய்வும் நகரத்து ஏழைகளும்

கென்யத் தலைநகர் நைரோபியில் கிபேரா என்றொரு குடிசைப் பகுதி இருக்கிறது. அங்கே எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்று கேட்டால், பத்திரிகைகளும் தொண்டு நிறுவனங்களும் பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த பதில் பத்து லட்சம் வரை. ஆப்பிரிக்காவிலேயே பெரிய குடிசைப் பகுதி என்ற பெயரும் அதற்கு வந்து சேர்ந்தது. 2009-இல் கென்ய அரசு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்தியது. அதன் முடிவில் கிபேராவின் மக்கள்தொகை 1,70,070.

ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. நகரத்தின் நிதி அதிகாரி இடத்தில் உட்கார்ந்து இதை யோசித்துப் பாருங்கள். பொதுக் கழிப்பறை கட்ட வேண்டும், குடிநீர்க் குழாய் பதிக்க வேண்டும், தடுப்பூசி வாங்க வேண்டும். பத்து லட்சம் பேர் என்று வைத்துக்கொண்டால், இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்று கோப்பை ஓரமாக வைத்துவிடத் தோன்றும். ஒரு லட்சத்து எழுபதாயிரம் பேர் என்றால் அது செய்து முடிக்கக்கூடிய வேலை. சரி, அரசு எண்ணிக்கையில் ஆட்கள் விடுபட்டிருந்தால்? விடுபட்ட ஒவ்வொருவரும் அடுத்த கணக்கெடுப்பு வரும்வரை எந்தத் திட்டத்திலும் வரமாட்டார். எண் கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. இரண்டிலும் அடி வாங்குவது அந்தத் தெருவில் இருப்பவர்கள்தான்.

நகரத்தில் குறைந்த வருமானத்தில் வாழ்கிறவருக்கு அரசின் பட்ஜெட் மிக அருகில் இருக்கிறது. கிராமத்தில் அரசு கைவிட்டாலும் ஒரு கிணறோ கொஞ்சம் விறகோ ஒதுங்க ஒரு மறைவோ கிடைக்கக்கூடும். நகரத்தில் அது எதுவும் இல்லை. தண்ணீர், சாக்கடை, குப்பை, பேருந்து, மருத்துவமனை எல்லாம் பொதுப்பணத்தில் வர வேண்டும். வராவிட்டால் சொந்தக் காசைக் கொடுத்து வாங்க வேண்டும். குழாய் வராத தெருவில் இருப்பவர் லாரித் தண்ணீரையும் குடத் தண்ணீரையும் வாங்குகிறார். லிட்டர் கணக்கில் பார்த்தால், வீட்டுக் குழாய் வைத்திருக்கும் வசதியானவரைவிட அவர் பல மடங்கு அதிகம் கொடுக்கிறார். எத்தனையோ நாடுகளின் நகரங்களில் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம் இது. பட்ஜெட்டில் ஒரு தெருவுக்குப் பணம் ஒதுக்காமல் விட்டால், அந்தப் பணத்தை அந்தத் தெருக்காரர்கள் வேறு வழியில் கட்டுகிறார்கள்.

அப்படியென்றால் ஒரு தெரு பட்ஜெட்டுக்குள் எப்படி வருகிறது? யாராவது அதை எண்ண வேண்டும். எண்ணியது ஒரு செலவுத் தலைப்பாக மாற வேண்டும். அந்தத் தலைப்பில் ஒதுக்கிய பணம் செலவாக வேண்டும். செலவானது தெருவரைக்கும் வந்து சேர வேண்டும். இந்த நாலு படியில் முதல் படியைப் பற்றித்தான் நிறைய ஆய்வுகள் வருகின்றன. கடைசிப் படியைப் பற்றி மிகக் குறைவு. எனக்கு இருக்கும் பெரிய ஆதங்கம் இதுதான்.

சராசரிக்குள் மறையும் தெரு

நகரம் என்றாலே வசதி என்ற எண்ணம் புள்ளிவிவரங்களில் ஆழமாக ஊறியிருக்கிறது. நகரக் குழந்தை கிராமக் குழந்தையைவிட நன்றாக இருக்கும் என்று சராசரி சொல்லும். 2000-ஆம் ஆண்டில் நைரோபியின் குடிசைப் பகுதிகளில் மட்டும் தனியாக ஒரு பெரிய சர்வே நடந்தது. ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு எத்தனை என்று பார்த்தார்கள். நைரோபி நகரம் முழுவதற்குமான கணக்கு 62 அளவில் இருந்தது. கென்யக் கிராமங்களில் 113. நைரோபியின் குடிசைப் பகுதிகளிலோ 151.

தலைநகரத்தில், பெரிய மருத்துவமனைகளிலிருந்து நடந்து போகும் தூரத்தில், கிராமங்களைவிட அதிகமாகக் குழந்தைகள் இறந்துகொண்டிருந்தார்கள். அதுவரை அது யார் கண்ணிலும் படவில்லை. காரணம், நகரம் என்ற ஒரே பெட்டிக்குள் மாளிகையையும் தகரக் கொட்டகையையும் போட்டுக் கூட்டி வகுத்தார்கள். 62 என்ற எண்ணைப் பார்த்து நிதி ஒதுக்குபவர் கிராமத்துக்குத்தான் முதலில் பணம் அனுப்புவார். அவரைக் குறை சொல்ல முடியாது. கையில் இருக்கும் அட்டவணை அப்படி.

தனியாக எண்ணாவிட்டால் ஏன் தெரிவதில்லை? சர்வே எப்படி நடக்கிறது என்று கிட்டே போய்ப் பார்த்தால் புரியும். கடந்த கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியலிலிருந்து சில வட்டாரங்களைத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தப் பட்டியல் ஏழெட்டு வருஷம் பழையதாக இருக்கலாம். நடுவில் கால்வாய்க் கரையில் புதிதாக முளைத்த நானூறு குடிசை அதில் இருக்காது. இருக்கும் தெருவுக்குப் போனாலும் கணக்கெடுப்பாளர் காலை பதினொரு மணிக்குப் போய்க் கதவைத் தட்டுவார். வீட்டு வேலைக்குப் போகும் பெண் விடியற்காலையிலேயே கிளம்பியிருப்பார். இரவுக் காவலர் உள்ளே தூங்கிக்கொண்டிருப்பார், தட்டுவது கேட்காது. படிவத்தில் ‘பூட்டியிருந்தது’ என்று எழுதிவிட்டு அடுத்த வீடு.

கதவைத் திறந்தாலும் சிக்கல் தீராது. ஒரே கதவு எண்ணுக்குப் பின்னால் நடுவில் பலகை அடித்துப் பிரித்த மூன்று அறையில் மூன்று குடும்பம் இருக்கும். வீட்டுக்காரர் ஒரு குடும்பம் என்றுதான் சொல்வார், வாடகைக்கு விட்டது வெளியே தெரிந்தால் அவருக்குத் தொல்லை. வாடகைக்கு இருப்பவரும் வாயைத் திறக்க மாட்டார், காலி செய்யச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம். நடைபாதையில் படுப்பவர், கட்டட வேலை நடக்கும் இடத்திலேயே தங்குபவர், முதலாளி வீட்டுப் பின்கட்டில் இருப்பவர் எல்லாம் வீடு என்ற வரையறைக்கே வெளியே நிற்கிறார்கள். வீடு வீடாகப் போகும் சர்வேயில் இவர்களுக்கு வாசலே கிடையாது.

நிறம் பூசிய இரண்டு வரைபடங்கள்

நகர வறுமையை முறையாக எண்ணத் தொடங்கியதில் லண்டனுக்கு முக்கிய இடம் உண்டு. சார்லஸ் பூத் என்ற கப்பல் வணிகர் 1886-இல் தன் சொந்தச் செலவில் ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கினார். அது 1903 வரை நடந்தது. பிள்ளைகள் பள்ளிக்கு வருகிறார்களா என்று வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் பள்ளி வாரிய ஊழியர்கள் அந்தக் காலத்தில் இருந்தார்கள். எந்த வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார், அடுப்பு எரிகிறதா என்பது வரை அவர்களுக்குத் தெரியும். பூத்தின் குழு அவர்களை உட்கார வைத்துத் தெருத் தெருவாகக் கேட்டு எழுதியது. பிறகு லண்டன் வரைபடத்தில் ஒவ்வொரு தெருவுக்கும் நிறம் பூசினார்கள். பணக்காரத் தெருவுக்கு மஞ்சள், வசதியானதற்குச் சிவப்பு, ஓரளவு பரவாயில்லை என்றால் இளஞ்சிவப்பு. நடுத்தர அளவுக் குடும்பத்துக்கு வாரம் 18 முதல் 21 ஷில்லிங் வருகிற ஏழைத் தெருவுக்கு வெளிர்நீலம், தீராத பற்றாக்குறைக்கு அடர்நீலம், எல்லாவற்றுக்கும் அடியில் கறுப்பு.

அந்த வரைபடத்தைப் பார்த்தால் ஒன்று மனதைத் தைக்கும். சிவப்புப் பெருந்தெருவுக்குப் பின்னாலேயே, ஒரு சந்து தள்ளி, அடர்நீலம் இருக்கும். முன்னால் போகிறவருக்கு அது கண்ணில் படாது. லண்டன் மக்களில் 30.7 சதவீதம் பேர் வறுமையில் இருக்கிறார்கள் என்று பூத் கணக்குச் சொன்னார். வறுமைக்குக் குடியும் சோம்பலும்தான் காரணம் என்று பேசிவந்த சமூகத்தில், நிலையில்லாத வேலையும் குறைந்த கூலியும் நோயும் முதுமையும்தான் பெரிய காரணங்கள் என்று அவருடைய அட்டவணைகள் காட்டின. ஆனாலும் கறுப்புத் தெருக்காரர்களைப் பற்றி அவர் எழுதிய வார்த்தைகள் கடுமையானவை, கிட்டத்தட்டக் குற்றவாளிகள் என்ற பொருளில். எண்ணுகிறவரின் மனசாய்வும் எண்ணோடு சேர்ந்தே வரும் என்பதற்கு இது ஆரம்பகால உதாரணம்.

சீபோம் ரவுன்ட்ரீ என்ற சமூக ஆய்வாளர் 1899-இல் இங்கிலாந்தின் யார்க் நகரத்தில் அதே வேலையைச் செய்து 27.84 சதவீதம் என்றார். லண்டன் மட்டும் விதிவிலக்கு என்று யாரும் தப்பிக்க முடியாமல் போனது. உழைப்பாளி தன் வாழ்நாளில் மூன்று முறை வறுமையில் விழுகிறார் என்பதையும் அவர் காட்டினார்: குழந்தையாக இருக்கும்போது, சின்னக் குழந்தைகளை வளர்க்கும்போது, வயதாகும்போது. மூன்றாவது வீழ்ச்சியைத் தடுக்க என்ன வழி என்று பூத் பல ஆண்டுகள் பேசினார், எழுதினார். 1908-இல் பிரிட்டன் முதியோர் ஓய்வூதியச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வருமானம் குறைந்த, எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை. கணக்கெடுப்பு தொடங்கி 22 வருஷம் கழித்து பட்ஜெட்டில் ஒரு தலைப்பு பிறந்தது. ஆய்வு மட்டுமே அதைச் செய்தது என்று சொல்லிவிட முடியாது, தொழிற்சங்கங்களும் அரசியலும் தள்ளின. ஆனால் அவர்கள் கையில் எண்கள் இருந்தன.

இன்னொரு நிற வரைபடத்தையும் சொல்லியாக வேண்டும். 1930-களில் அமெரிக்க அரசு, வீட்டுக் கடன் கட்ட முடியாமல் தவித்தவர்களைக் காப்பாற்ற ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தை உருவாக்கியது. அந்த நிறுவனம் 200-க்கும் மேற்பட்ட நகரங்களை ஆராய்ந்து, எந்தப் பகுதியில் கடன் கொடுப்பது பாதுகாப்பு, எங்கே ஆபத்து என்று வரைபடம் போட்டது. ஆபத்தான பகுதிகளுக்குச் சிவப்பு. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் பெரும்பாலும் சிவப்பாயின. யார் வாழ்கிறார்கள் என்பதையே ஆபத்துக்கான அடையாளமாகப் படிவத்தில் எழுதினார்கள். வீட்டுக் கடன்களுக்கு அரசு கொடுத்த காப்புறுதியும் இதே கண்ணோட்டத்தில்தான் நடந்தது. வெள்ளையர் புறநகர்களுக்கு அரசின் உத்தரவாதம் கிடைத்தது, நகரத்தின் உட்பகுதிகள் தலைமுறைக்கணக்கில் காய்ந்தன.

இரண்டு இடத்திலும் வேலை ஒரே மாதிரிதான்: தெருத் தெருவாகப் போய் விவரம் சேகரித்து நிறம் பூசுவது. ஒன்று ஓய்வூதியத்துக்கு வழி காட்டியது, மற்றொன்று கடன் கதவைச் சாத்தியது. ஏழைகளைப் பற்றி ஆய்வு நடக்கிறது என்று கேட்டதும் நல்லது என்று நினைத்துவிட எனக்கு மனம் வருவதில்லை. விவரம் எந்த மேஜைக்குப் போகிறது என்று கேட்கத் தோன்றுகிறது.

கோடு எங்கே விழுகிறது

யார் ஏழை என்று முடிவு செய்ய ஒரு கோடு வேண்டும். அமெரிக்காவின் கோட்டை 1960-களின் தொடக்கத்தில் மோலி ஒர்ஷான்ஸ்கி என்ற அரசு ஊழியர் போட்டார். அரசின் உணவுத் திட்டங்களில் மிகச் சிக்கனமானதை எடுத்தார். கையில் பணம் இல்லாத நெருக்கடியில் தற்காலிகமாகச் சமாளிக்க வகுத்த திட்டம் அது. 1955-இல் எடுத்த ஒரு சர்வேயின்படி குடும்பங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்குச் செலவழித்தன. அதனால் அந்த உணவுச் செலவை மூன்றால் பெருக்கினார். 1969-இல் அது அதிகாரபூர்வக் கோடானது. அதன்பின் விலைவாசிக்கு ஏற்ப உயர்த்துகிறார்களே தவிர அடிப்படைக் கணக்கை மாற்றவில்லை. இன்று நகரத்துக் குடும்பத்தை உறிஞ்சுவது வாடகை. உணவின் பங்கு எவ்வளவோ குறைந்துவிட்டது. ஆனாலும் நாட்டின் பெரும்பகுதியில், வாடகை மலிவான சிற்றூருக்கும் விலை உச்சத்தில் இருக்கும் மாநகரத்துக்கும் ஒரே கோடு. 2011-இல் வீட்டுச் செலவையும் ஊருக்கு ஊர் மாறும் வாடகையையும் சேர்த்துத் துணை அளவீடு ஒன்றை வெளியிட ஆரம்பித்தார்கள். உதவித் திட்டங்களின் தகுதிக் கணக்கு பெரும்பாலும் பழைய கோட்டை ஒட்டியே நடக்கிறது.

கோடு நகர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியக் கணக்கு நல்ல உதாரணம். வறுமையை அளக்க அரசு அமைத்த டெண்டுல்கர் நிபுணர் குழுவின் முறைப்படி 2011-12-இல் நகரத்தில் ஒருவருக்கு மாதம் 1,000 ரூபாய்க்குக் கீழே செலவு என்றால் அவர் ஏழை. அந்தக் கணக்கில் நகரவாசிகளில் 13.7 சதவீதம் பேர் ஏழைகள். ரங்கராஜன் குழு 2014-இல் அதே ஆண்டுக்கு 1,407 ரூபாய் என்று கோட்டை உயர்த்தியது. 26.4 சதவீதம் ஆனது. சுமார் 5.3 கோடி நகர ஏழைகள் 10.2 கோடியைத் தாண்டினார்கள். யாருடைய வீட்டிலும் அன்றைக்கு எதுவும் மாறவில்லை. ஆனால் தகுதியுள்ளவர் எத்தனை பேர் என்று கேட்கும் ஒவ்வொரு திட்டத்துக்கும் விடை இரண்டு மடங்காகக்கூடும். இந்தக் கோடுகள் பெரிய விவாதத்தைக் கிளப்பியதில் வியப்பில்லை. நிபுணர் குழுவின் அறிக்கைக்குள் இருக்கும் ஒரு எண், நிதி அமைச்சகத்தின் கணக்குப் புத்தகத்தை இரண்டாகப் பிளக்கிறது.

பட்ஜெட் புத்தகத்தில் எங்கே தேடுவது

பட்ஜெட் புத்தகத்தைத் திறந்து ‘ஏழைகள்’ என்ற தலைப்பைத் தேடினால் நலத்திட்டங்கள் கிடைக்கும். அது கொஞ்சம். மீதி எல்லாம் சாலை, குடிநீர் வாரியம், போக்குவரத்து, வீட்டுவசதி என்று சிதறிக் கிடக்கும். ஒவ்வொன்றிலும் நகரத்தின் எந்தப் பக்கத்துக்கு எவ்வளவு என்று பெரும்பாலும் பிரித்துக் காட்ட மாட்டார்கள். மேம்பாலமும் நடைபாதையும் ஒரே ‘சாலைகள்’ தலைப்பில் இருக்கும். காரில் போகிறவருக்கு எவ்வளவு, நடந்து போகிறவருக்கு எவ்வளவு என்று தெரியாது.

மூன்று எண்களை அருகருகே வைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். ஆண்டின் தொடக்கத்தில் அறிவித்த மதிப்பீடு, நடுவில் திருத்திய மதிப்பீடு, முடிவில் உண்மையில் செலவானது. செய்தியில் வருவது முதல் எண். தெருவுக்கு வருவது மூன்றாவது. அது வெளிவரும்போது ஒன்றிரண்டு வருஷம் ஓடியிருக்கும், யாரும் தலைப்புச் செய்தி போட மாட்டார்கள். வரவுப் பக்கமும் உண்டு. வீட்டுக் கடன் வட்டிக்கு வரிச்சலுகை கொடுத்தால் அதுவும் அரசு செய்யும் செலவுதான், ஆனால் செலவுப் பட்டியலில் வராது. சொந்த வீடு வாங்க முடிந்தவருக்குப் போகும் அந்த உதவியைப் பற்றி, வாடகை உதவியைப் பற்றிப் பேசும் அளவுக்கு யாரும் பேசுவதில்லை. பொருள்கள் மீதான வரியோ வருமானம் குறைந்தவரிடம் விகிதத்தில் அதிகம் எடுக்கிறது, கிடைப்பதையெல்லாம் அவர் செலவழித்துத்தானே வாழ்கிறார்.

மானியங்களில் இன்னும் ஒரு சங்கடம். தண்ணீர்க் கட்டணத்தைக் குறைவாக வைத்தால் ஏழைக்கு உதவும் என்று தோன்றும். இணைப்பு இருப்பவருக்குத்தான் குறைந்த கட்டணம். இணைப்பே இல்லாதவருக்கு? பொதுச் செலவின் பயன் எந்த வருமானப் பிரிவுக்குப் போய்ச் சேர்கிறது என்று அளக்கும் ஆய்வுமுறை 1970-களின் இறுதியிலிருந்து இருக்கிறது. மலேசியா, கொலம்பியா நாடுகளில் அது விரிவாக முயன்று பார்க்கப்பட்டது. அப்படி அளக்கும்போது, ஏழைகளின் பேரில் எழுதிய மானியம் நடுத்தரத் தெருவிலேயே நின்றுவிடுவது பல நாடுகளில் தெரியவந்தது. கட்டணத்தைக் குறைப்பதைவிட இணைப்புக்கான முதல் செலவை அரசு ஏற்பது அந்த வீட்டுக்கு அதிகம் உதவும் என்றே நினைக்கிறேன்.

இந்த இடத்தில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் நடந்த ஒன்றைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். கயலிட்ஷா அங்குள்ள பெரிய குடியிருப்புப் பகுதி. அதன் பல பகுதிகளில் குழாயோடு இணைந்த கழிப்பறை கிடையாது, ஒப்பந்தக்காரர் கொண்டுவந்து வைக்கும் ரசாயனக் கழிப்பறைகள். 2013 ஏப்ரலில் சமூக நீதிக் கூட்டணி என்ற அமைப்பும் குடியிருப்பவர்களும் சேர்ந்து சமூகத் தணிக்கை நடத்தினார்கள். நகராட்சி போட்ட ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தார்கள். ஐந்து குடும்பத்துக்கு ஒரு கழிப்பறை, தினமும் சுத்தம் செய்ய வேண்டும், வாரத்தில் மூன்று முறை கழிவை அள்ள வேண்டும், கீழே விழாதபடி தரையோடு பிணைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கழிப்பறையாகக் கதவைத் திறந்து பார்த்தார்கள். பிணைத்திருக்கிறதா? கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா? கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். இரவில் போகப் பயமாக இருக்கிறதா என்றும் கேட்டார்கள். ஒப்பந்தத்தில் இருந்ததும் தரையில் இருந்ததும் வேறு வேறாக இருந்தன. பணம் மட்டும் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு அவர்கள் நகராட்சியின் பட்ஜெட்டையே படிக்க ஆரம்பித்தார்கள். தற்காலிகக் கழிப்பறைக்கான பணம் ஆண்டுக்கு ஆண்டு நடப்புச் செலவில் போகிறது. நிலையான குழாய்க்கும் கழிவுநீர்ப் பாதைக்கும் வேண்டிய மூலதனச் செலவில் இந்தக் குடியிருப்புகளுக்கு மிகச் சிறிய பங்கே வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். பல பத்தாண்டுகளாக அங்கேயே வாழும் மக்களைப் பட்ஜெட் இன்னும் தற்காலிகமாக வந்து தங்கியவர்களாகவே நடத்துகிறது. 2015-இல் பட்ஜெட் வரைவின் மீது கருத்துக் கேட்டபோது கயலிட்ஷாவிலிருந்து 500-க்கும் மேற்பட்டவர்கள் கையால் எழுதிக் கொடுத்தார்கள். மூலதனச் செலவு, நடப்புச் செலவு என்ற இரண்டு உலர்ந்த சொற்களுக்குள் ஒரு கழிப்பறையின் கதை இருக்கிறது என்று காட்டியவர்கள் அவர்கள். நான் படித்த பட்ஜெட் ஆய்வுகளில் என்னை அதிகம் தொட்டது அதுதான்.

ஒரு வருஷக் கணக்கும் இருபது வருஷ வாழ்க்கையும்

ஆய்வுக்கும் பட்ஜெட்டுக்கும் நேரம் ஒத்துவராது. 1994-இல் அமெரிக்காவின் ஐந்து மாநகரங்களில், கடும் வறுமைப் பகுதிகளின் பொதுக் குடியிருப்புகளில் இருந்த சுமார் 4,600 குடும்பங்களோடு ஒரு சோதனை தொடங்கியது. குலுக்கல் முறையில் தேர்வான சிலருக்கு, வறுமை குறைந்த பகுதியில் வீடு பிடிக்க வாடகைச் சீட்டு கொடுத்தார்கள். சில ஆண்டுகள் கழித்துப் பார்த்தார்கள். பெரியவர்களின் வருமானம் உயரவில்லை. பணம் வீண் என்று பலர் முடிவு கட்டினார்கள். 2015-இல் பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் சக ஆய்வாளர்களும் அந்தக் குழந்தைகளை வரிக் கணக்குகளில் தேடிப் பார்த்தார்கள். பதின்மூன்று வயதுக்கு முன் இடம் மாறிய குழந்தைகள் இருபதுகளின் நடுவில் 31 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். பலன் இருந்தது, வெளியே தெரிய அவர்கள் வளர வேண்டியிருந்தது. ஒரு பட்ஜெட் ஆண்டில் பலனைக் காட்டு என்று கேட்டால், குழந்தைகளுக்குச் செய்யும் எந்தச் செலவும் தோற்றுப்போகும்.

கிராமத்தில் நிரூபித்ததை நகரத்துக்கு அப்படியே கொண்டுவருவதும் சறுக்கும். மெக்சிகோ 1997-இல் கிராமங்களில் தொடங்கிய பண உதவித் திட்டம் கவனமான ஆய்வுகளால் உலகப் புகழ் பெற்றது. கிராமத்தில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுத்துத் தகுதியானவரைச் சேர்த்தார்கள். 2000-க்குப் பிறகு நகரங்களுக்கு விரிந்தபோது அது செலவு அதிகம் என்று பதிவு மையங்களை வைத்து, வந்து பதிந்துகொள்ளச் சொன்னார்கள். தகுதியிருந்தும் கணிசமானவர்கள் வரவில்லை. பலருக்குத் திட்டம் இருப்பதே தெரியவில்லை. தெரிந்தாலும், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க வேண்டுமே.

தெருவே எண்ணத் தொடங்கியபோது

1985-இல் இந்திய உச்ச நீதிமன்றம் மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று சொன்ன அதே தீர்ப்பு, நகராட்சி அவர்களை முறைப்படி அகற்றலாம் என்றும் சொல்லிவிட்டது. மழைக்காலம் முடிந்ததும் இடிப்பு வரும் என்ற நிலை. ஸ்பார்க் என்ற அமைப்பும் நடைபாதையில் வாழ்ந்த பெண்களும் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். சுமார் 6,000 குடும்பங்கள், 27,000 பேர். பெரும்பாலானவர்கள் பல ஆண்டுகளாக அங்கேயே இருப்பவர்கள், நகரத்தின் கூலி வேலைகளில் இருப்பவர்கள், வேலைக்கு நடந்தே போகிறவர்கள் என்று அந்தப் பட்டியல் காட்டியது. நேற்று வந்து நாளை போகும் கூட்டம் என்ற பேச்சுக்கு அதுதான் பதில். மகளிர் குழுக்கள் தாங்களே வீடு வீடாகப் போனதால், வெளியாள் கேட்டால் மறைக்கும் விஷயங்களும் அதில் வந்தன.

பட்டியலுக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. மகாராஷ்டிர அரசு பின்னாளில் மாற்று வீட்டுத் தகுதிக்கு 1995 ஜனவரி 1 என்று எல்லைத் தேதி வைத்தது, பிறகு அதை 2000-க்கு நகர்த்தியது. அதற்கு முன்பு இருந்ததற்குக் காகிதம் காட்டுகிறவர் உள்ளே, காட்ட முடியாதவர் வெளியே. பக்கத்துப் பக்கத்துக் குடிசையில் ஒரே வேலை பார்க்கும் இரண்டு குடும்பங்களை ஒரு தேதி பிரித்துவிடும்.

பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989-இல் பட்ஜெட்டின் முதலீட்டுப் பகுதியை மக்கள் கூட்டங்களில் முடிவு செய்யத் தொடங்கியது. எல்லோரும் அதன் கூட்டங்களைப் பற்றிப் பேசுவார்கள். எனக்கு அதிகம் பிடித்தது அதன் கணக்கு வாய்ப்பாடு. ஒரு வட்டாரத்தின் மக்கள்தொகை, அங்கே என்னென்ன வசதி இல்லை, மக்கள் எதை முதலில் கேட்கிறார்கள் என்று மூன்றுக்கும் மதிப்பெண் போட்டுப் பணத்தைப் பிரித்தார்கள். வசதி குறைந்த இடத்துக்கு அதிக மதிப்பெண். ஆய்வு அங்கே நேராகப் பட்ஜெட் சூத்திரத்துக்குள் உட்கார்ந்துவிட்டது. 1990 முதல் 2004 வரையிலான பிரேசில் நகராட்சிகளின் கணக்குகளைப் பார்த்த ஓர் ஆய்வு, இம்முறைக்கு மாறியவை சுகாதாரத்துக்கும் கழிவுநீருக்கும் அதிகப் பங்கு செலவழித்ததையும், அங்கே சிசு மரணம் குறைந்ததையும் காட்டியது. ஆனால் அரசு மாறினால் முறையும் மாறும். போர்ட்டோ அலெக்ரேயிலேயே 2017-இல் அதை நிறுத்திவைத்தார்கள்.

கராச்சியின் ஓரங்கி பகுதியில் அக்தர் ஹமீத் கான் 1980-இல் தொடங்கிய திட்டம் இன்னும் ஒரு படி போனது. இருபது முப்பது வீடுள்ள ஒரு சந்துதான் அவர்களுடைய அலகு. சந்துக்காரர்கள் தங்களுக்குள் பணம் போட்டு, தாங்களே தோண்டி, தங்கள் சந்தின் சாக்கடைக் குழாயைப் பதித்தார்கள். ஒப்பந்தக்காரர் இல்லாததாலும் வடிவமைப்பு எளிதாக இருந்ததாலும் அரசு செய்யும் செலவில் சிறு பகுதியே ஆனது. பெரிய வடிகால்களும் சுத்திகரிப்பும் அரசின் வேலை என்று பிரித்துக்கொண்டார்கள். 1980-களில் அங்கே சேர்ந்த கட்டடக் கலைஞர் பர்வீன் ரஹ்மான், இளைஞர்களுக்கு அளவையும் வரைபடமும் கற்றுக்கொடுத்து, கராச்சியின் குடியிருப்புகளில் எந்தச் சந்தில் குழாய் இருக்கிறது, அது எந்த ஓடையில் போய்க் கலக்கிறது என்று வரையவைத்தார். அந்த வரைபடங்கள் ஒரு எளிய உண்மையைச் சொல்லின: மக்கள் ஏற்கெனவே பெரும்பாலான குழாயைப் பதித்துவிட்டார்கள், அவை இயற்கையான ஓடைகளுக்குத்தான் போகின்றன. அரசு புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை, அந்த ஓடைகளைச் சீர்செய்தால் போதும்.

அந்த நேரத்தில் கராச்சியின் இன்னொரு பகுதியான கோரங்கிக்கான கழிவுநீர்த் திட்டம் ஒன்றுக்கு ஆசிய வளர்ச்சி வங்கியிடம் ஏழு கோடி டாலர் கடன் வாங்க ஏற்பாடாகியிருந்தது. ஓரங்கிக் குழு தன் வரைபடங்களை எடுத்துக்கொண்டு போய், இருப்பதை வைத்தே மிகக் குறைந்த செலவில் இதைச் செய்யலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டியது. 1999-இல் சிந்து மாகாண அரசு அந்தக் கடனையே ரத்து செய்தது. அந்த ஏழு கோடி டாலரைத் திருப்பிக் கட்டும் சுமை கராச்சியின் மேல் விழவில்லை.

பர்வீன் ரஹ்மான் பிறகு நகரத்தின் விளிம்பில் இருந்த பழைய கிராமங்களை வரைபடத்தில் ஏற்றினார். பட்டா இல்லாமல் இருந்த நூற்றுக்கணக்கான கிராமங்களுக்கு நில உரிமை கிடைக்க அந்த ஆவணங்கள் உதவின. நகரத்தின் தண்ணீரை யார் எங்கே திருடி லாரியில் விற்கிறார்கள் என்பதையும் பதிவு செய்தார். 2013 மார்ச் 13 அன்று, அலுவலகத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவரிடம் பயின்றவர்கள் மறுபடியும் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு அதே சந்துகளுக்குப் போனார்கள்.